நகல் எடுத்தாயிற்று, நகல் சரியா?

பழைய புகைப்படம் ஒன்றைத் திறக்கிறீர்கள். மேற்பாதி தெளிவாக இருக்கிறது. அதற்குக் கீழே நிறம் மாறி, வரிவரியாகச் சிதறி, கடைசியில் வெறும் சாம்பல் பட்டை. கோப்பின் பெயர், அளவு, தேதி எதிலும் மாற்றமில்லை. பேக்கப்பைத் திறந்தால் அங்கேயும் அதே சாம்பல் பட்டை.

இதற்கு ஒரே ஒரு பிட் (தரவை எழுதும் 0 அல்லது 1) மற்றதாகப் புரண்டாலே போதும். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு கட்டத்தின் சராசரி நிறமும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு கூடியது, குறைந்தது என்ற வித்தியாசமாக எழுதப்படுகிறது. அந்த வித்தியாசங்களும் நீளம் மாறும் குறியீடுகளாக இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒன்று மாறினால், அடுத்த குறியீடு எங்கே தொடங்குகிறது என்பதே மென்பொருளுக்குப் பிடிபடாமல் போகலாம். சுருக்கப்படாத எழுத்துக் கோப்பில் அதே பிட் புரண்டிருந்தால் ஓர் எழுத்துப் பிழையோடு முடிந்திருக்கும். ஜிப் கோப்புகள், வீடியோக்கள் எல்லாம் படத்தின் கட்சிதான்: எவ்வளவு நெருக்கிச் சுருக்குகிறோமோ, அவ்வளவு சிறிய பிழை அவ்வளவு பெரிய சேதம் செய்யும்.

டிஜிட்டல் தரவு தேயாது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் சேமிப்புக் கருவிகள் ஓயாமல் பிழை செய்துகொண்டும் திருத்திக்கொண்டும் இருக்கின்றன. 4096 பைட் செக்டர்களாக (சேமிப்புத் துண்டுகளாக) எழுதும் ஹார்ட் டிஸ்கில் ஒவ்வொரு செக்டருக்கும் சுமார் 100 பைட் திருத்தக் குறியீடு தனியாக எழுதப்படுகிறது. எஸ்எஸ்டியில் மின்னூட்டம் மெல்லக் கசிவதால் நிலைமை இன்னும் மோசம். திருத்தக் குறியீடு இல்லாமல் இன்றைய எஸ்எஸ்டி சில்லுகளைப் பயன்படுத்தவே முடியாது.

பிழையைக் கண்டுபிடிப்பது வேறு, திருத்துவது வேறு. பாரிட்டி பிட் என்ற எளிய சோதனை முதல் வேலையை மட்டும் செய்யும்: 1-களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வரும்படி ஒரு பிட்டைச் சேர்க்கிறோம், ஒற்றைப்படையாக வந்தால் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். எது கெட்டது என்று அதற்குத் தெரியாது. இரண்டு பிட் புரண்டால் கெட்டதே தெரியாது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வார இறுதிகளில் ஆளில்லாமல் ஓடிய ரிலே (மின்காந்த சுவிட்ச்) கணினி பிழையைக் கண்டதும் வேலையைக் கைவிட்டுவிடும். பிழை இருப்பதைச் சொல்லத் தெரிந்த இயந்திரத்துக்கு இடத்தைச் சொல்ல ஏன் தெரியவில்லை என்ற எரிச்சலில்தான் அங்கே பணியாற்றிய கணித அறிஞர் ரிச்சர்ட் ஹாமிங் தன் குறியீட்டை உருவாக்கி 1950-ல் வெளியிட்டார்.

அதைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. தரவு 1011. ஏழு இடங்களில் 3, 5, 6, 7-ஆம் இடங்களில் அதை வைக்கிறோம். 1, 2, 4-ஆம் இடங்கள் சோதனை பிட்டுகளுக்கு. முதல் சோதனை 1, 3, 5, 7 இடங்களைப் பார்க்கும். இரண்டாவது 2, 3, 6, 7. மூன்றாவது 4, 5, 6, 7. மூன்றிலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி நிரப்பினால் 0110011 கிடைக்கும். வழியில் ஆறாவது பிட் புரண்டு 0110001 ஆகிறது என்று வையுங்கள். முதல் சோதனை தேறுகிறது, இரண்டாவதும் மூன்றாவதும் தவறுகின்றன. தவறிய சோதனை பிட்டுகளின் இட எண்களைக் கூட்டுங்கள்: 2 + 4 = 6. கெட்ட இடத்தின் எண்ணே விடையாக வந்துவிட்டது.

அழகுதான், ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. ஐந்தாவது பிட்டும் சேர்ந்து புரண்டால் முதல் இரண்டு சோதனைகள் தவறி விடை 3 என்று வரும். இயந்திரம் நன்றாக இருந்த மூன்றாவது பிட்டைத் ‘திருத்தி’, இரண்டு பிழைகளை மூன்றாக்கிவிடும். அதனால்தான் சர்வர்களின் ஈசிசி (பிழை திருத்தும்) ரேமில் 64 பிட் தரவுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிழையைத் திருத்தவும் இரண்டு பிழைகளைத் திருத்தாமல் அறிவிக்கவும் செய்கிறார்கள். சாதாரண கணினிகள் பெரும்பாலானவற்றில் இந்த ரேம் இல்லை. டிடிஆர்5 ரேமில் சில்லுக்குள்ளேயே ஈசிசி உண்டு என்று விளம்பரம் வரும்; அது சில்லுக்குள் நடப்பதை மட்டும் திருத்தும், சில்லுக்கும் செயலிக்கும் இடையிலான பாதையைக் காக்காது.

உண்மையான ஓட்டைகள் ஒரு காவலுக்கும் அடுத்த காவலுக்கும் இடையில்தான் இருக்கின்றன. ஈதர்நெட் என்ற கேபிள் இணைப்பில் தரவு சட்டகங்களாக (சிறு பொட்டலங்களாக) போகிறது; ஒவ்வொன்றின் கடைசியிலும் 32 பிட் சிஆர்சி என்ற சோதனை எண் இருக்கிறது; தொடர்ந்தாற்போல் 32 பிட் நீளத்துக்குள் விழும் எந்தச் சேதத்தையும் அது பிடித்துவிடும். ஆனால் வழியில் உள்ள ரவுட்டர் அதைச் சரிபார்த்துக் கழற்றிவிட்டு, அடுத்த வழிக்குப் புதிதாக ஒன்றைக் கணக்கிட்டுப் போடுகிறது. ரவுட்டரின் நினைவகத்தில் ஒரு பிட் புரண்டால், கெட்ட தரவுக்குச் சரியான முத்திரை விழும். அதற்கு மேல், இணையத் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையின் செக்சம் (சோதனைத் தொகை) வெறும் 16 பிட் கூட்டல். இரண்டு 16 பிட் சொற்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. டிஸ்கிலிருந்து டிஸ்குக்கு நகல் எடுக்கும்போதும் இதே கதைதான். பழைய டிஸ்க் சரியாகப் படித்துக் கொடுக்கிறது, ரேமில் ஒரு பிட் மாறுகிறது, புதிய டிஸ்க் அந்தத் தவறை மிகக் கவனமாகப் பாதுகாக்கிறது. எந்த எச்சரிக்கையும் வராது.

பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் 2003 மே மாதத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4096 வாக்குகள் கூடுதலாகப் பதிவாயின. 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு, அதாவது நினைவகத்தில் ஒரே ஒரு பிட். கிடைக்கவே முடியாத எண்ணிக்கையாக இருந்ததால்தான் பிடிபட்டது. விண்வெளியிலிருந்து வந்த கதிர்த்துகள் காரணமாக இருக்கலாம் என்றார்கள், நிரூபிக்க வழியில்லை. கீழ்நிலை பிட் ஒன்று புரண்டு ஒன்றிரண்டு வாக்குகள் மட்டும் கூடியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைகளும் பெரிய துணை இல்லை. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், இஎக்ஸ்டி4 ஆகியவை கோப்பின் உள்ளடக்கத்துக்குச் செக்சம் வைப்பதில்லை. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் வைக்கின்றன. அவற்றில் மாதம் ஒருமுறை ‘ஸ்க்ரப்’ ஓட்டினால், யாரும் திறக்காத கோப்புகளும் படித்துச் சரிபார்க்கப்படும். பல டிஸ்குகளில் தரவையும் பாரிட்டியையும் பிரித்து எழுதும் ரெய்டு 5 அமைப்பு, ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும்; உயிரோடு இருக்கும் டிஸ்க் தவறான தரவைக் கொடுத்தால், பெரும்பாலான அமைப்புகள் படிக்கும்போது பாரிட்டியை ஒப்பிட்டுப் பார்ப்பதே இல்லை.

ஆக, முழுப் பாதைக்கும் ஒரே சோதனை நம் கையில்தான் இருக்க வேண்டும். கோப்பு முதன்முதலில் கணினிக்கு வந்ததும் அதன் எஸ்எச்ஏ-256 ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை) கணக்கிட்டு ஓர் எழுத்துக் கோப்பில் சேமித்து, அதைத் தரவோடு சேர்த்தே நகல் எடுங்கள். லினக்ஸில் ‘எஸ்எச்ஏ256சம்’ (sha256sum), விண்டோஸில் ‘செர்ட்யூட்டில்’ (certutil) கட்டளை போதும். தற்செயல் பிழைகளைப் பிடிக்க எம்டி5 என்ற பழைய ஹேஷ் கூடப் போதுமானது, வேண்டுமென்றே மாற்றியதைப் பிடிக்கத்தான் ஆகாது.

பலர் தவறுவது அடுத்த படியில். நகல் எடுத்த கையோடு சரிபார்த்தால், இயங்குதளம் டிஸ்கைப் படிக்காமல் ரேமில் இன்னும் இருக்கும் பிரதியைக் கொடுத்து ‘சரி’ என்றுவிடும். டிஸ்கை முறைப்படி வெளியேற்றி, கழற்றி, மறுபடி செருகிய பிறகே சரிபார்க்க வேண்டும். பேக்கப் மென்பொருளின் தானியங்கி ஒத்திசைவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்: கெட்ட கோப்பு மீண்டும் எழுதப்பட்டுத் தேதி மாறினால், நல்ல பிரதியின் மேலேயே கெட்டதை எழுதிவிடும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியை இயக்குங்கள்.

ஹேஷ் சொல்லும், திருத்தாது. திருத்துவதற்கு ‘பார்2’ என்ற மீட்புக் கோப்பு முறை இருக்கிறது. இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் 1960-ல் வெளியிட்ட குறியீடுதான் இதற்கும் அடிப்படை. சிடியில் கீறல் விழுந்தும் பாட்டு ஓடுவதும், க்யூஆர் கட்டத்தின் ஒரு பகுதி அழிந்தும் படிக்க முடிவதும் அதனால்தான். 10 சதவீத மீட்புத் தரவு உருவாக்கினால், கோப்பின் தொகுதிகளில் 10 சதவீதம் வரை கெட்டாலும் மீட்கலாம். கவனிக்க: ஒரு தொகுதியில் ஒரே பிட் கெட்டாலும் முழுத் தொகுதியும் கெட்டதாகவே கணக்கு. அங்கங்கே சிதறிய சேதத்துக்குச் சிறிய தொகுதிகள் நல்லது, கணக்கிட நேரம் கூடுதலாகும்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் நான்கு வரிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் போதும். வரி எண் 5 என்பது மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 திருத்தவே முடியாதவை. இவை வாரத்துக்கு வாரம் ஏறினால் தரவை எடுத்துவிட்டு டிஸ்கை மாற்றுங்கள். 199 ஏறினால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள், அது கேபிளில் வந்த சிஆர்சி பிழை. கேபிளை மாற்றினால் எண் குறையாது, ஏறுவது நின்றால் சரியாயிற்று.

ஹேஷ் பொருந்தவில்லை என்றால் முதலில் எதையும் எழுதவோ நீக்கவோ வேண்டாம். டிஸ்கைக் கழற்றிச் செருகி, அதே கோப்பை இரண்டு, மூன்று முறை கணக்கிடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வந்தால் கோப்பு பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. கேபிளையோ ரேமையோ சந்தேகிக்க வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் கழற்றப்பட வேண்டியதே. அது ஓடி முடியும்வரை அந்தக் கணினியில் பேக்கப் எடுக்காதீர்கள். எத்தனை முறை கணக்கிட்டாலும் ஒரே தவறான விடைதான் வருகிறதென்றால் டிஸ்கில் இருக்கும் கோப்பே கெட்டுவிட்டது. பார்2-ஐயோ இன்னொரு பிரதியையோ தேட வேண்டிய நேரம் அது.