கண்ணாடிக் குமிழும் குறுக்குத் தண்டும்

இங்கிலாந்தில் வசிக்கும் ஒரு வாசகி மூன்று படங்களை அனுப்பியிருந்தார். கோடைக்கால விமானக் கண்காட்சி ஒன்றில் எடுத்தவை. மூன்றிலும் ஒரே ஹெலிகாப்டர்தான். முன்னால் மீன்தொட்டி மாதிரி ஒரு கண்ணாடிக் குமிழ், பின்னால் தகடு போர்த்தாத குழாய்ச் சட்டத்தில் வால், அடியில் இரண்டு சறுக்குக் கால்கள். கடிதத்தில் இரண்டு கேள்விகள். "முதல் படத்தில் இறக்கைகள் அசையாமல் நிற்கின்றன. நான் பார்த்தபோது பறந்துகொண்டுதான் இருந்தது, ஐயா. எப்படி நின்றது? அப்புறம், இறக்கைக்குச் சற்றுக் கீழே குறுக்காக, இரண்டு முனையிலும் குண்டு வைத்த ஒரு கம்பியும் சேர்ந்து சுற்றுகிறதே, அது எதற்கு?" மூன்றாவது படம் கலங்கிப்போய்விட்டது, பொருட்படுத்த வேண்டாம் என்று கடைசியில் எழுதியிருந்தார். அந்த மூன்றாவது படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எடுத்தது பெல் 47. 1945 டிசம்பர் 8 அன்று முதன்முதலில் பறந்த இனம். 1946 மார்ச்சில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென அமெரிக்க அரசின் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர் இதுதான். 1974 வரை 5,600க்கு மேல் கட்டினார்கள். அமெரிக்காவில் பெல் கட்டியது போக, உரிமம் வாங்கி இத்தாலியில் அகுஸ்தாவும் பிரிட்டனில் வெஸ்ட்லண்டும் ஜப்பானில் கவாசாகியும் கட்டின. கொரியப் போரில் காயம்பட்டவர்களைச் சறுக்குக் காலுக்கு மேல் கட்டிய ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிப் பறந்தது இதுவே. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1984இல் ஒன்றை வாங்கி, ஓவியங்களும் சிற்பங்களும் இருக்கும் கட்டடத்துக்குள் அந்தரத்தில் தொங்கவிட்டது.

இன்றும் பறக்கிற பெல் 47களைத் தேடித்தேடிப் படமெடுப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கூரைக்கு மேலே ஒரு விமானம் போனால் அது எது, எங்கே போகிறது என்று இப்போது கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். விமானமே தன் அடையாளத்தையும் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலையில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போகிறது. சின்ன ரேடியோ ஏற்பி வைத்திருக்கும் ஆர்வலர்கள் அதைப் பிடித்து இணையத்தில் சேர்க்கிறார்கள். பெல் 47 விஷயத்தில் இந்த வசதி பெரும்பாலும் கைகொடுக்காது. வயலுக்கு மருந்து தெளிக்கிற, மரங்களை உரசுவதுபோல் தாழப் பறக்கிற வண்டி அது. கருவி பொருத்தியிருந்தாலும், அந்த அலை நேர்கோட்டில் போவதால் ஒரு மேடோ தோப்போ இடையில் வந்தால் போச்சு.

அதனால் இந்த ஆர்வலர்கள் பழைய வழியில்தான் தேடுகிறார்கள். பதிவு எண் நாடு மாறும்போது மாறிவிடும், விற்கும்போதும் மாறலாம். தொழிற்சாலையில் அடித்த வரிசை எண் மாறாது. ஒவ்வொரு எண்ணும் எந்த ராணுவத்தில் இருந்தது, எப்போது ஏலம் போனது, எந்தப் பண்ணையில் மருந்தடித்தது, விழுந்து நொறுங்கிய பிறகு யார் எடுத்துத் திருப்பிக் கட்டினார்கள் என்று குடும்ப வரலாறு மாதிரி எழுதிவைக்கிறார்கள். குமிழுக்குப் பின்னால் இருபுறமும் சேணம் போல இரண்டு எரிபொருள் கலன்கள் தூக்கி நின்றால் ஜி வகை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

கண்ணுக்கு முன்னால் காதுக்கு வந்துவிடும் இந்த ஹெலிகாப்டர். அங்கேதான் நம் கணக்கும் தொடங்குகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,100 முதல் 3,200 சுற்று. நடுவிலுள்ள பல்சக்கரங்கள் அதை ஒன்பதில் ஒன்றாகக் குறைத்து இறக்கைக்குக் கொடுக்கின்றன. ஆக, இறக்கை நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்று. முழு வேகத்தில் வைத்த நம் வீட்டுச் சீலிங் ஃபேனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் சுற்றும்! நொடிக்கு 5.8 சுற்று, இரண்டு இறக்கை, ஆக நொடிக்குப் பதினொன்று பன்னிரண்டு அடி. நம் காது ஒரே ஸ்வரமாகக் கேட்கத் தொடங்குவது நொடிக்கு சுமார் 20 அதிர்விலிருந்து. அதற்குக் கீழே இருப்பதால் இது இரைச்சலாக ஒன்றுசேராமல் டப் டப் டப் என்று தனித்தனியாக விழுகிறது. இந்தச் சத்தம் கேட்டதும் காமிராவைத் தூக்குவார்கள்.

சரி, ஷட்டரை எவ்வளவு நேரம் திறப்பது? நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் இறக்கை அதற்குள் 2 டிகிரிதான் நகரும். வாசகியின் முதல் படம் இப்படித்தான் வந்திருக்கிறது. அந்த 2 டிகிரிக்குள் இறக்கையின் நுனி 20 சென்டிமீட்டர் ஓடியிருக்கும், ஏனென்றால் 11 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் விளிம்பு நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் பாய்கிறது. ஆனால் படத்தில் பார்க்கும்போது அது நின்ற மாதிரியே இருக்கும். கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை போல. கைப்பேசி என்றால் வேறு கோளாறு. அது படத்தை வரிவரியாகப் பதிவதால் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் இறக்கை நகர்ந்து, வாழைப்பழம் போல வளைந்துவிடும். உங்கள் வீட்டு ஃபேனையே எடுத்துப் பாருங்கள்.

இறக்கை சுற்றி வரையும் முழு வட்டும் தெரிய வேண்டுமென்றால்? நான்கு இறக்கை உள்ள ஹெலிகாப்டர் கால் சுற்றுச் சுற்றினால் போதும், வட்டு நிரம்பிவிடும். பெல் 47க்கு இரண்டே இறக்கை, ஆகவே அரைச் சுற்று வேண்டும். அதற்கு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் காமிராவைக் கையில் பிடித்து, நகர்கிற ஹெலிகாப்டரோடு சேர்த்துச் சீராகத் திருப்ப வேண்டும். நூறு எடுத்தால் ஒன்று தேறும். இந்த இனத்தைத் துரத்துகிறவர்கள் அந்த ஒன்றுக்காகத்தான் வெயிலில் நிற்கிறார்கள்.

அந்த ஒன்றில் என்ன கிடைக்கிறது என்பது குறுக்குத் தண்டைப் புரிந்துகொண்டால்தான் தெரியும்.

ஹெலிகாப்டரின் உடல் இறக்கைக்குக் கீழே தொங்குகிறது. அதனால் ஊஞ்சல் மாதிரி தானாகவே நேராக நிற்கும் என்று தோன்றும். தோன்றுவது தப்பு. ஊஞ்சலின் கொக்கி உத்தரத்தில் இருக்கிறது, ஊஞ்சல் ஆடினாலும் உத்தரம் ஆடாது. ஹெலிகாப்டரின் கொக்கியோ ஹெலிகாப்டரோடு சேர்ந்தே சாய்கிறது. உடல் வலப்பக்கம் சாய்ந்தால் அச்சும் சாயும், இறக்கை வட்டும் அதன் பின்னாலேயே சாயும், தூக்கும் விசையும் அதே பக்கம் திரும்பும், ஹெலிகாப்டர் வலப்பக்கம் நழுவும். நழுவும்போது எதிர்க்காற்று வட்டை மறுபக்கம் தள்ளும். உடலும் இடப்பக்கமாகச் சாய்ந்து வீசியடிக்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். விமானி விடாமல் கைவைத்துச் சமாளிக்காவிட்டால் சில வீச்சுகளில் கதை முடிந்துவிடும்.

ஆர்தர் யங் என்ற அமெரிக்கர் இதைக் கண்டுபிடித்தது சின்ன மாதிரிகளை உடைத்து உடைத்துத்தான். 1905இல் பிறந்தவர், 1927இல் பிரின்ஸ்டனில் கணிதப் படிப்பை முடித்தவர். பென்சில்வேனியாவின் பயோலியில் பழைய களஞ்சியக் கொட்டகை ஒன்றில் மாதிரி ஹெலிகாப்டர்களைக் கட்டுவார், பறக்கவிடுவார், அது ஆடி விழும், மறுபடி கட்டுவார். கடைசியில் அவர் செய்தது இவ்வளவுதான்: இறக்கைக்குச் செங்குத்தாக, முனைகளில் எடை வைத்த ஒரு தண்டை அச்சில் சீசா போல மாட்டினார். அதன் அசைவை ஒரு சின்ன இணைப்பு வழியாக, இறக்கை காற்றை வெட்டும் சாய்கோணத்தோடு கட்டினார்.

இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுற்றுகிற குண்டுத் தண்டு ஒரு பம்பரம். பம்பரத்துக்குத் தன் சுழற்சித் தளத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது. ஹெலிகாப்டரின் உடல் வலப்பக்கம் சாய்கிறது, அச்சும் சாய்கிறது, தண்டு மட்டும் பழைய தளத்திலேயே, கிடைமட்டமாகவே சுற்றுகிறது. சாய்ந்த அச்சிலிருந்து பார்த்தால் தண்டின் வலது முனை மேலே தூக்கி நிற்கும், இடது முனை இறங்கி நிற்கும். தண்டு இடவலமாக இருக்கும் அந்தக் கணத்தில் இறக்கைகள் முன்பின்னாக இருக்கின்றன. இணைப்பு வழியாகத் தண்டு பின்னாலுள்ள இறக்கையின் சாய்கோணத்தைக் கூட்டுகிறது, முன்னாலுள்ளதைக் குறைக்கிறது.

ஏன் பின்னால், ஏன் வலப்பக்கம் அல்ல? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். சுற்றுகிற இறக்கைக்கு நீங்கள் கொடுக்கும் தூக்கல் உடனே தெரியாது, கால் சுற்றுக் கழித்துத்தான் தெரியும். பின்னால் இருக்கும்போது கோணம் கூட்டினால் அந்த இறக்கை வலப்பக்கம் வரும்போது உச்சத்துக்கு உயரும். மேலிருந்து பார்த்தால் பெல்லின் இறக்கை இடஞ்சுழியாகச் சுற்றுவதால், பின்னால் இருப்பது அடுத்து வலப்பக்கம்தான் வரும். வலப்பக்கம் உயர்ந்தால் வட்டு என்ன ஆகும்? சாய்ந்த உடலோடு போகாமல், தண்டின் தளத்துக்கே திரும்பிவிடும். தண்டு ஏன் இறக்கைக்குச் சரியாகக் குறுக்கே இருக்கிறது என்பதற்கு இதுவே பதில். கால் சுற்றுத் தாமதத்தை ஈடுகட்ட, கால் சுற்று முன்னாலேயே போய் நிற்கிறது அது. கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரம் இல்லை. இரண்டு குண்டும் ஒரு கம்பியும் வினாடிக்கு ஆறு முறை அடிவானம் எங்கே என்று இறக்கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

தண்டு பிடிவாதமாக அப்படியே இருந்துவிடவும் கூடாது. விமானி திரும்ப விரும்பினால் திரும்ப வேண்டுமே. விமானியின் கட்டளையும் தண்டின் கட்டளையும் ஒரே நெம்புகோலில் சேர்ந்துதான் இறக்கைக்குப் போகின்றன. அதோடு, கதவு மெதுவாக மூட மேலே எண்ணெய்க் குழல் பொருத்துவோமே, அப்படி இரண்டு தணிப்பான்கள் தண்டை மெல்லமெல்ல அச்சின் போக்குக்கு இழுத்துவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். தீவுத்திடல் பொருட்காட்சியில் என் அக்கா மகனுக்கு ரிமோட் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்று வாங்கினேன். அதன் உச்சியிலும் முனைகளில் குண்டு வைத்த குச்சி ஒன்று உண்டு, யங்கின் தண்டுதான். உடலை இறுக்கிப் பிடித்து, குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, விரல் படாமல் கவனமாகச் சட்டென்று சாய்த்தோம். உடல் சாய்ந்தது. குச்சி ஒரு கணம் பழையபடியே படுத்துச் சுற்றி, பிறகுதான் பின்தொடர்ந்தது. பையன் இருபது தடவை சாய்த்துப் பார்த்தான். நானும்தான்.

யங் இதைத் தொடங்கியது 1928 வாக்கில், 1941இல்தான் பெல் நிறுவனத்துக்குப் போய் மாதிரியைப் பறக்கவிட்டுக் காட்டினார். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல், சொந்தப் பணத்தில். குடும்பத்தில் வசதி இருந்தது, தாங்கிக்கொண்டார். நம் நாட்டில் மூன்றாண்டு ஆய்வுத்தொகையில் ஓர் இளைஞர் பத்து மாதிரியை உடைத்தால் நான்காம் ஆண்டுக்குப் பணம் வருமா? உடைந்ததற்கும் சேர்த்துத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. யங் 1947இல் பெல்லை விட்டு விலகித் தத்துவத்துக்குப் போனார், ஜோதிடத்தையும் நம்பினார். 'பார்த்தீர்களா, அவ்வளவு பெரிய விஞ்ஞானியே நம்பினார்' என்று யாராவது சொன்னால் அந்தக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே எந்த மாதிரியும் நல்ல நேரம் பார்த்து நிலைத்து நிற்கவில்லை. தண்டைக் கழற்றினால் விழுந்தது, மாட்டினால் நின்றது. ஜாதகத்தை அப்படிக் கழற்றி மாட்டிப் பார்க்க வழியே இல்லை.

பெல்லின் பிந்தைய ஹெலிகாப்டர்களில் ஜெட்ரேஞ்சருக்கு இந்தத் தண்டு கிடையாது. ராணுவ ஹெலிகாப்டரான ஹ்யூயியில் உண்டு, ஆனால் இறக்கைக்கு மேலே. ஆகவே இறக்கைக்குக் கீழே தண்டு சுற்றுவதைப் படமாக்க பெல் 47ஐத்தான் தேடிப் போக வேண்டும். அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கு நொடிப் படத்தில் இறக்கை ஒரு வட்டு வரையும், அதற்குக் கீழே தண்டும் தன் பங்குக்கு ஒரு சின்ன வட்டு வரையும். திரும்பத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ எடுத்தால், அச்சு ஒரு பக்கம் சாய்ந்திருக்க, தண்டின் வட்டு அதற்குச் செங்குத்தாக இல்லாமல் கோணலாக நிற்பது தெரியும். யங்கின் கண்டுபிடிப்பு வேலைசெய்வதையே படத்தில் அளந்துவிடலாம். உறைந்த படத்தில், தண்டு சரியான நிலையில் அகப்பட்டால் ஒழிய, இது கிடைக்காது.

வாசகியின் மூன்றாவது படத்துக்கு வருகிறேன். ஹெலிகாப்டர் நன்றாகச் சாய்ந்து திரும்பியபோது, வட்டு ஏறத்தாழ நேராகக் காமிராவைப் பார்த்தபடி வந்திருக்கிறது. கோப்பின் விவரத்தில் ஷட்டர் முப்பதில் ஒரு பங்கு நொடி என்று இருக்கிறது. இறக்கைகள் இரண்டு சாம்பல் விசிறிகளாக விரிந்திருக்கின்றன, அவற்றுக்குக் குறுக்கே தண்டும் இரண்டு சின்ன விசிறியாக. பெரிதாக அச்செடுத்து, பள்ளிக்கூடக் கோணமானியை வைத்தேன். இறக்கையின் அகலத்தைக் கழித்தால் விரிப்பு 68 டிகிரி. முப்பதால் பெருக்கினால் நொடிக்கு 2,040 டிகிரி, 360ஆல் வகுத்தால் 5.67 சுற்று. நிமிடத்துக்கு 340.

அம்மா, அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள்.