துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போடும் முன்

அந்த அம்மா கணவரை இழந்தவர். ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். நிலத்தகராறில் எதிராளிகள் இரண்டு முறை வாசலுக்கே வந்து மிரட்டிவிட்டுப் போனார்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். "ரெண்டு பேரும் இனிமே சண்டை போட மாட்டோம்னு எழுதிக் கொடுங்க" என்றார்கள். பிறகு இரு தரப்பையும் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) முன் நிறுத்தி, ஓராண்டு அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுத வைத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மூன்று மாதம் கழித்துத் துப்பாக்கி உரிமம் கேட்டு மனுப் போட்டபோது, பிணைப்பத்திரக் காலத்தில் இருப்பவருக்கு உரிமம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

சட்டப்படி அது சரியான பதில். மிரட்டப்பட்டவருக்கு உரிமம் கிடைக்காமல் போனதற்கு அவர் கொடுத்த புகாரே காரணமாகிவிட்டது. அவருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். ஸ்டேஷனில் என்ன கையெழுத்துப் போட்டீர்கள் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது யார் வந்து துப்பாக்கி லைசென்ஸ் என்றாலும் முதல் கேள்வி அதுதான்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. மாவட்டத்தில் கலெக்டரும் மாநகரக் காவல் எல்லைக்குள் போலீஸ் கமிஷனரும் உரிமம் தருவார்கள். 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் அடிப்படை உரிமை இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பின்னணி இவ்வளவு போதும்.

"இடுப்பில் மறைத்து எடுத்துப் போகத் தனி லைசென்ஸ் வேண்டுமா?" என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படி ஒரு அனுமதி உண்டு. இங்கே தனியாக எதுவும் கிடையாது. பொது இடத்துக்குக் கைத்துப்பாக்கியைக் கொண்டுபோனால் உறைக்குள், முழுக்க மூடியபடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்கின்றன. வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தாலே விதிமீறல்தான். எடுத்துக் காட்டி மிரட்டினால் உரிமம் போகும். திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகம் ஆகிய இடங்களுக்குத் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. உரிமம் எந்த எல்லைவரை செல்லும் என்றும் அதிலேயே இருக்கும். மாவட்டம் தாண்டிப் போகும் வியாபாரிகள் இதைப் படிக்காமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி தகுதி. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்குச் சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுவரை கேட்க முடியாது. இவை எல்லோருக்கும் தெரியும். ஆட்களை வீழ்த்துவது பிணைப்பத்திரம்தான். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 107-வது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126. தெருச்சண்டை, வரப்புத்தகராறு, பங்காளிப் பிரச்சினை எதுவாக இருந்தாலும் யார் அடித்தது, யார் அடிபட்டது என்று பார்க்காமல் இரு தரப்பின் மீதும் இதைப் போடுவது வழக்கமாகிவிட்டது. விசாரிக்கும் வேலை மிச்சம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். நோட்டீஸ் வந்தாலே தகுதி போய்விடாது. பிணைப்பத்திரம் எழுதித் தரும்படி உத்தரவு வந்தால்தான் போகும், அதுவும் அந்தக் காலம் முடியும்வரை. ஆகவே நோட்டீஸ் வந்ததும் ஆஜராகி, "நான் புகார்தாரர், என்னால் அமைதிக்குப் பங்கம் இல்லை" என்று எழுத்தில் விளக்கம் கொடுங்கள். சும்மா ஒரு கையெழுத்துதான் என்று யார் சொன்னாலும் படிக்காமல் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் காலம் முடியும்வரை பொறுத்திருந்து மனுச் செய்யுங்கள். மறைத்து மனுப் போட்டால், பிறகு தெரியவரும்போது உண்மையை மறைத்ததற்காகவே உரிமத்தை ரத்து செய்யலாம்.

அடுத்த சிக்கல் போலீஸ் அறிக்கை. நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள் என்று உங்கள் ஸ்டேஷன் எழுத வேண்டும். எழுதினால், நீங்கள் கொடுத்த புகாருக்கு என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்ற கேள்வி அவர்கள் பக்கம் திரும்பும். அதனால்தான் "மனுதாரருக்கு அச்சுறுத்தல் ஏதும் இல்லை" என்ற ஒரே வரி அத்தனை அறிக்கைகளிலும் வருகிறது. அதை மறுக்க உங்கள் கையில் தாள் இருக்க வேண்டும். ஒவ்வொரு மிரட்டலுக்கும் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். போடாவிட்டால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்குங்கள். போனில் மிரட்டினால் பதிவையும் தேதியையும் வைத்திருங்கள். "பேசித் தீர்த்துக்கொண்டோம், மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதிக் கொடுத்தால், ஆறு மாதம் கழித்து அதே வரி உங்கள் மனுவுக்கு எதிராக வந்து நிற்கும். அடகுக்கடை வைத்திருந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. கடைக்குள் புகுந்து அடித்தவர்களோடு ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் செய்துவைத்தார்கள். "பிரச்சினை சுமுகமாக முடிந்துவிட்டது" என்று அறிக்கை போனது.

மிரட்டலே நடக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. தொழிலாலோ குடியிருக்கும் இடத்தாலோ உயிருக்குக் கடுமையான ஆபத்து வரக்கூடியவர்களின் தேவையைக் கருத வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. நகை வியாபாரி என்று எழுதினால் மட்டும் போதாது. எந்த நாளில், எவ்வளவு தூரம், எந்த நேரத்தில் பணமோ நகையோ கொண்டுபோகிறீர்கள் என்று எழுதி, கணக்கு ஆவணங்களை இணையுங்கள்.

எந்தத் துப்பாக்கி கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். எல்லோரும் கைத்துப்பாக்கியே கேட்கிறார்கள். சட்டமோ நீளத்துப்பாக்கியையும் கைத்துப்பாக்கியையும் வேறு வேறாகப் பார்க்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, குழலின் உட்புறம் வழுவழுப்பான துப்பாக்கியைப் பாதுகாப்புக்காக இந்தியக் குடிமகன் கேட்டால், மறுக்கத் தனிக் காரணம் இல்லாதவரை உரிமம் தர வேண்டும் என்பதுதான் 13-வது பிரிவின் வாசகம். விவசாயி பயிர்ப் பாதுகாப்புக்கு, குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டாலும் அப்படியே. கைத்துப்பாக்கி போன்ற மற்றவற்றுக்கு, போதுமான காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தி அடைய வேண்டும். தோட்டத்து வீட்டைக் காக்க நினைப்பவர் ரிவால்வர் கேட்டுத் தன் வழக்கைத் தானே பலவீனமாக்கிக்கொள்கிறார்.

அலுவலக அலைச்சலுக்கு வருவோம். ஏ-1 படிவம், உடல், மனநலச் சான்று, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி ஆகியவை விதிகள் கேட்பவை. இதற்கு மேல் சொத்துப் பத்திரம், சொத்து மதிப்புச் சான்று, வருமான வரிக் கணக்கு என்று பட்டியல் நீளும். இருந்தால் கொடுங்கள். இல்லை என்பதற்காகத் திரும்பி வராதீர்கள். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கூலிக்காரருக்கும் உயிர் ஒன்றுதான் என்பது 1959-லேயே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பயிற்சிக்குப் பணம் கட்டும் முன், யார் தரும் சான்றை ஏற்பார்கள் என்று உரிமப் பிரிவில் கேட்டுவிடுங்கள். பணம் கட்டி முடித்த பிறகு "இது செல்லாது" என்ற பதிலைக் கேட்டவர்கள் உண்டு.

போலீஸ் 30 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அது வந்து 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அறிக்கை குறித்த காலத்தில் வராவிட்டால், அதற்குக் காத்திராமலே முடிவெடுக்க உரிமம் தரும் அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனாலும் "ரிப்போர்ட் வரலைங்க, அடுத்த மாசம் வாங்க" என்று ஆண்டுக்கணக்கில் அலையவிடுகிறார்கள். போகும்போதெல்லாம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் நினைவூட்டல் அனுப்புங்கள். பத்து ரூபாய்க்குக் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, மனு எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இந்தக் கேள்வி போன பிறகு நகர்ந்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

"உங்களுக்குக் கிடைக்காதுங்க, எதுக்கு அலையறீங்க?" என்று சொல்லி அனுப்பினால் அது மறுப்பே ஆகாது. எழுத்தில் உத்தரவு இல்லாமல் மேல்முறையீடு இல்லை. மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், கேட்டால் சுருக்கமாகத் தரவும் வேண்டும். கையில் உத்தரவு வந்த நாளைக் குறித்துவையுங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். யாரிடம் செய்ய வேண்டும் என்று உத்தரவில் இல்லாவிட்டால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.

இந்த அலைச்சலில்தான் புரோக்கர் வருவார். வேறு மாநிலத்து லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்பார். 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரில் முறைகேடாகக் கொடுக்கப்பட்டதாக இரண்டே முக்கால் லட்சம் உரிமங்களுக்கு மேல் சி.பி.ஐ. விசாரணைக்குள் வந்தன. உரிமம் பொய் என்றால், கையில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. அதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு சிறை. செக்யூரிட்டி வேலைக்காகக் கடன் வாங்கி இப்படி உரிமம் வாங்க நினைக்கும் முன்னாள் ராணுவத்தினரிடம் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தைத் தவிர வேறெங்கும் போகாதீர்கள்.

சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வேண்டுமா என்பதை அதற்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

செலவைப் பாருங்கள். 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று கொண்டுவந்த நிர்பீக் ரிவால்வரே அன்றைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். யார் யாருடைய துப்பாக்கியை வாங்கிவைக்க வேண்டும் என்று ஆராய மாவட்டத்தில் பரிசீலனைக் குழு உண்டு. உண்மையான அச்சுறுத்தல் உள்ளவர் அந்தக் குழுவுக்கு விலக்குக் கேட்டு உடனே எழுத வேண்டும். பெரும்பாலோர் எழுதுவதில்லை. அரசியல் விரோதத்தால் ஆபத்தில் இருப்பவர், விரோதம் உச்சத்தில் இருக்கும் அந்த நாட்களில் வெறுங்கையோடு இருப்பார். ஒப்படைத்தால் துப்பாக்கியின் எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீது இல்லாமல் வராதீர்கள்.

சுட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, காவல்துறையை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் நீங்கள்தான் கொலை வழக்கில் நிற்பீர்கள். வானத்தை நோக்கித்தானே சுட்டேன் என்பதும் எடுபடாது. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுட்டாலோ கல்யாண வீட்டில் கொண்டாட்டத்துக்குச் சுட்டாலோ இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும்.

வீட்டில் குடிப்பவர் இருந்தால், மனம் சோர்ந்திருப்பவர் இருந்தால், பூட்டு போட்ட பெட்டி வைக்க இடம் இல்லாவிட்டால் மனுப் போடாதீர்கள் என்று நான் சொல்லிவிடுவேன். சிலருக்கு என் மேல் கோபம். பரவாயில்லை. கேமரா, நாய், வாசலில் வெளிச்சம், பணத்தை வங்கி வழியாக அனுப்புவது ஆகியவற்றால் தீராத ஆபத்து இருப்பவர் மட்டும் கேளுங்கள். அப்படிப்பட்டவர் வந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் உட்கார்ந்து மனு எழுதித் தரத் தயாராக இருக்கிறேன்.

கடைசியாக, மனுவே போடாத குடும்பங்களுக்கு. அப்பா வைத்திருந்த துப்பாக்கி பரணில் இருக்கிறதா? உரிமம் அவர் பெயரில் இருந்தது, அவரோடு முடிந்துவிட்டது. நினைவுக்காக வைத்திருக்கிறோம் என்றால் சட்டம் கேட்காது. அருகில் உள்ள ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசுகளில் ஒருவர் வைத்துக்கொள்ள விரும்பினால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு தன் பெயரில் புதிதாக மனுச் செய்யலாம். அப்பா உயிரோடு இருந்து, வயது 70 ஆகியிருந்தாலோ 25 ஆண்டாகத் துப்பாக்கி வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். அவரே கையெழுத்துப் போட முடிகிற காலத்தில் அதைச் செய்துவிடுங்கள்.