ஹெல்மெட்டுக்குள் ஒரு வழுக்கும் அடுக்கு

காற்றுக் காலங்களில் தனுஷ்கோடிச் சாலையில் கடல் மணல் ஏறிவிடுகிறது. அதில் சறுக்கும் சைக்கிளோட்டிகள் பெரும்பாலும் சாய்வாகவே தரையில் மோதுகிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எனக்கு அந்தச் சாய்வே அதிகக் கவலை தருகிறது. சாய்வாக மோதும் தலை திடீரெனச் சுழலும்போது மூளை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்க, உள்ளிருக்கும் நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமடைகின்றன. மண்டையோட்டில் கீறல்கூட இல்லாமல், முதல் சி.டி. ஸ்கேனும் இயல்பாகத் தெரிய, நோயாளி மட்டும் நினைவு திரும்பாமல் கிடக்கும் நிலை இப்படித்தான் நேர்கிறது.

சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டின் உட்பகுதி, இங்கே மீனை ஐஸ் போட்டு அனுப்பும் பெட்டிகளின் அதே தெர்மாகோல்தான். அடர்த்தி மட்டும் கூடுதல். அது நசுங்கி, தலை நிற்பதற்கான நேரத்தைச் சில மில்லிவிநாடிகள் நீட்டிக்கிறது. நேர் மோதலுக்கு இது நல்ல காப்பு. ஐரோப்பாவின் இ.என். 1078 தரச் சோதனையிலும் ஹெல்மெட் அணிவித்த மாதிரித் தலையை ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்திலிருந்து நேராகத்தான் விழச் செய்கிறார்கள். சுழற்சி அதில் அளக்கப்படுவதில்லை.

சுழற்சியைத் தணிக்கும் வழி நம் தலைக்குள்ளேயே இருந்தது. சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை, தன்னைச் சூழ்ந்த திரவத்தில் மிதப்பதால் 50 கிராம் அளவே கனக்கிறது. மோதலின்போது சற்று வழுக்கவும் அதற்கு இடம் கிடைக்கிறது. ஸ்வீடனின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட்டும் ஆய்வாளர் பீட்டர் ஹால்டினும் இதைப் பின்பற்றி உருவாக்கிய 'மிப்ஸ்' அடுக்கு, ஹெல்மெட்டுக்குள் தலையை 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகரவிட்டு, சுழற்றும் விசையில் ஒரு பகுதியைத் திசைதிருப்புகிறது.

மரங்கொத்தியைக் காட்டி விற்கப்படும் ஹெல்மெட்டுகளை மட்டும் நான் ஐயத்துடனேயே பார்க்கிறேன். 2022இல் சாம் வான் வாசன்பெர்க் குழுவினர் அதிவேக வீடியோப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அப்பறவையின் மண்டையோடு அதிர்வை உறிஞ்சுவதில்லை என்றும், விறைப்பான சுத்தியலாகவே இயங்குகிறது என்றும் தெரிந்தது. அதைக் காப்பது மூளையின் சிறிய அளவு. அந்த வசதி மனிதருக்கு இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லாச் சைக்கிளுடன் ஹெல்மெட் வருவதில்லை; பெற்றோர்தான் வாங்க வேண்டும். மிப்ஸ் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம், தரமுத்திரை உள்ள சாதாரண ஹெல்மெட்டே போதும் என்கிறேன். அது புருவத்துக்கு இரண்டு விரல் மேலே படிந்திருக்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்டால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும், ஏனெனில் நசுங்கிய தெர்மாகோல் மீளாது. காதோரம் மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை விலக்கிவிடுவதால், பெண்பிள்ளைகளிடம் பின்னலைத் தாழவிட்டுக் கட்டச் சொல்கிறேன்.