ரீசார்ஜ் பணம் உங்கள் பணம் இல்லை, அண்ணாச்சி

போன வாரம் ஒருவர் கட்டைப்பை நிறைய பில்லோடு பாளையங்கோட்டையில் என் ஆபீசுக்கு வந்தார். வளைகுடாவில் 18 வருஷம் உழைத்த காசில், ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, ஏசி போட்டு, கார்டில் காசு ஏற்றி மெஷின்களில் விளையாடும் கேம் சோன் திறந்தவர். ஒன்றரை வருஷத்தில் ஷட்டரை இறக்கியாச்சு, கணக்கை முடித்துத் தர வேண்டுமாம். இரண்டு வருஷத்தில் என் மேஜைக்கு வரும் மூன்றாவது கேம் சோன். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான். "முதல் மாசம் நல்ல வசூல் சார்."

அது வசூல் இல்லை அண்ணாச்சி, கடன். 1,000 ரூபாய் ஏற்றினால் 200 இலவசம் என்று போர்டு வைத்தீர்கள். பையன் அன்றைக்கு 300 ரூபாய்க்கு விளையாடினான். மிச்சம் 900 ரூபாய் விளையாட்டை நீங்கள் அவனுக்குப் பாக்கி. அந்தக் காசை எடுத்துச் செலவழித்துவிட்டால், ஆறாம் மாசம் ஹால் நிறையக் கூட்டம் இருக்கும், கல்லாவில் ஒன்றும் விழாது. எல்லாரும் பழைய பேலன்ஸைத் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். கரண்ட் மட்டும் புதுசாக ஓடும்.

இவர் கார்டு ரிப்போர்ட்டை நான் கேட்ட பிறகுதான் முதல்முறையாக அச்செடுத்தார். திறந்த மே மாசம் ஏற்றியது 6,40,000. விளையாடியது 2,10,000. "மிச்சம் எங்கே?" என்றேன். "கார் ரேஸ் மெஷின் இன்னும் ரெண்டு வாங்கிட்டேன் சார்."

புரோக்கர் இப்போது அவற்றைக் கிட்டத்தட்ட எடைக்குத்தான் கேட்கிறார்.

மே மாசத்தை 12-ஆல் பெருக்காதீர்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். குற்றாலத்தில் சாரல் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தென்காசி ரோட்டில்தான். வாடகைக்கு இதெல்லாம் தெரியாது. எத்தனை மாசம் காலி செய்ய முடியாது என்ற வரியைப் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். இவர் படிக்கவில்லை, அட்வான்ஸ் போச்சு. கார்டுப் பணத்துக்குத் தனி அக்கவுண்ட் வையுங்கள். விளையாடித் தீர்த்த தொகையை மட்டும் வாரம் ஒருமுறை எடுங்கள். வருஷ வியாபாரம் 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு என்பது ஊருக்கே தெரியும், விடுங்கள்.

கணக்குக்கு அப்பால் ஒன்று. 2024 மே 25-ல் ராஜ்கோட்டில் ஒரு கேம் சோன் தீப்பிடித்து, பிள்ளைகள் உட்பட 25 பேருக்கு மேல் செத்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே ஓடிய இடம் அது. நம்மவர் மாடிக்கும் படி ஒன்றுதான். தயவுசெய்து சான்று வாங்காமல் ரிப்பன் வெட்டாதீர்கள்.

அப்புறம், மூடுவதென்றால் ஒரு மாசம் முன்பே போர்டு வையுங்கள், பிள்ளைகள் பேலன்ஸை விளையாடித் தீர்க்கட்டும். இந்தக் கடையின் கார்டு ஒன்று என் தங்கை மகனிடமும் இருக்கிறது. அதில் 740 ரூபாய். "மாமா, எப்போ திறப்பாங்க?" என்று கேட்கிறான். அதையும் கடன் பட்டியலில் சேர்த்தாச்சு.