அண்ணப்பிளவு குழந்தைக்கு காது ஏன் அடைக்குது

ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்குற பஸ்ல பர்லியாறு வர்றதுக்குள்ள பாதிப் பேருக்கு காது அடைச்சிரும், எச்சில் முழுங்குனா ‘டொப்’புன்னு திறந்துக்கும், மலையில இருக்கற நமக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 சொச்சம், அதனால கீழ காத்தழுத்தம் மேல இருக்கறத விட கால் பங்கு ஜாஸ்தி, அது காது ஜவ்வ உள்பக்கமா தள்ளுது. முழுங்கும்போது மூக்குக்குப் பின்னாடி இருந்து ஜவ்வுக்கு உள்பக்கம் இருக்கற நடுக்காதுக்குப் போற யூஸ்டேஷியன் குழாய் திறந்து, காத்து உள்ள போய் ரெண்டு பக்கமும் சமமாயிடுது.

இந்தக் குழாய் சும்மா இருக்கறப்ப மூடியே கிடக்கும், தசை இழுத்தாத்தான் திறக்கும். அந்தத் தசை குழாயோட சுவர்ல கிளம்பி, கொக்கி மாதிரி ஒரு குட்டி எலும்ப சுத்தி வளைஞ்சு வந்து, வாயோட மேல்கூரையான அண்ணத்துக்குள்ள தகடா விரியும், ரெண்டு பக்கத்துத் தகடும் நடுவுல ஒண்ணாச் சேர்ந்திருக்கும். அண்ணப்பிளவோட, அதாவது அந்த மேல்கூரை நடுவுல சேராம பிளந்தபடி, பிறந்த குழந்தைக்கு சேர்றதுக்கு அந்த நடுப்பகுதியே இல்ல. கயிறு இழுக்குற போட்டியில எதிர்ப்பக்கம் ஆளே இல்லாத மாதிரிதான், தசை சுருங்கும், ஆனா பிடிமானம் இல்லாததால குழாய் சரியா திறக்காது.

நமக்கு காட் ரோட்டுல கொஞ்ச நேரம் இருக்கற அடைப்பு அந்தக் குழந்தைக்கு நாள் பூராவும் இருக்கு. நடுக்காதுக்குள்ள இருக்கற காத்த சுத்தியிருக்கற சவ்வு கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிடுது, புதுக் காத்து வர்றதில்ல, அழுத்தம் குறைஞ்சு நீர் கசிஞ்சு நிறைஞ்சு, போகப் போக பசை மாதிரி கெட்டியாகுது. டாக்டருங்க இத குளூ இயர்னு சொல்றாங்க. அண்ணத்துக்கு ஆபரேஷன் ஆகாத பச்சக் குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே இது இருக்கும்னு 1960கள்லயே கண்டுபிடிச்சிட்டாங்க.

கொடுமை என்னன்னா பெரும்பாலும் வலி இல்ல, சீழ் இல்ல, காய்ச்சல் இல்ல. கேட்கும் திறன் மட்டும் 20ல இருந்து 40 டெசிபல் வரைக்கும் குறையுது. கதவு சாத்துற சத்தம் கேட்டு திரும்பும், ஆனா பின்னாடி நின்னு மெதுவா கூப்பிட்டா திரும்பாது. வீட்ல ‘இவன் கவனிக்கவே மாட்டேங்குறான்’னு சொல்லிட்டு விட்ருவாங்க. ஏற்கனவே அண்ணத்தால பேச்சு மூக்குல வர்ற குழந்தை, கேக்குறதும் மங்கலா இருந்தா சொல்ல எப்படிப் பழகும்?

அண்ணத்த பொதுவா 9 மாசத்துல இருந்து ஒன்றரை வயசுக்குள்ள தைச்சிடுறாங்க, அதோட எல்லாம் முடிஞ்சிச்சுன்னுதான் நிறையப் பேர் நினைக்கிறாங்க. ஓட்டை மூடுனதும் தசை உடனே ஒழுங்கா இழுத்துராது, நிறையக் குழந்தைங்களுக்கு காது தெளிய வருஷக்கணக்கா ஆகும். அதனால ஈஎன்டி டாக்டர்கிட்ட டிம்பனோகிராம்னு காது ஜவ்வு எப்படி அசையுதுன்னு பாக்குற ஒரு டெஸ்ட் எடுக்கணும், ஊசி போடாம காதுல ஒரு சின்ன முனைய வச்சு கொஞ்ச நேரத்துல எடுத்துடுவாங்க, நல்ல காதுன்னா கிராஃப் மலை மாதிரி ஏறி இறங்கும், உள்ள நீர் இருந்தா தட்டையா கோடு போடும்.

தேவைப்பட்டா ஜவ்வுல சின்னதா கீறி, நீர உறிஞ்சிட்டு, குரோமெட்னு ஒரு குட்டிக் குழாய வைப்பாங்க, காத்து அது வழியா உள்ள போகும், பெரும்பாலும் ஒரு வருஷம் சொச்சத்துல அதுவா விழுந்துரும். எல்லா டாக்டரும் உடனே வைக்கிறதில்ல, சிலர் காது கேக்குற மெஷின் குடுத்துட்டு கவனிச்சிட்டே வருவாங்க, ஏன்னா குரோமெட்டால காது ஒழுகலாம், ஜவ்வுல தழும்பும் விழலாம். ஆனா ஒண்ணும் பார்க்காம விடுறதுதான் ஆபத்து, உள்வாங்குன ஜவ்வுல தோல் சேர்ந்து வளர்ந்து காதுக்குள்ள இருக்கற எலும்பையே அரிக்கலாம். காதுல நாத்தத்தோட ஒழுகுனா மருந்துக் கடையில சொட்டு மருந்து வாங்கி ஊத்திட்டு இருக்காதீங்க, உடனே காட்டுங்க. 2013ல ஆரம்பிச்ச மத்திய அரசோட குழந்தைகள் நலத் திட்டத்துல அண்ணப்பிளவும் காது கேளாமையும் ரெண்டுமே வருது, அங்கன்வாடிக்கு டாக்டர் டீம் வர்றப்ப அண்ணத்தக் காட்டுறவங்க காதையும் பாக்கச் சொல்லிக் கேளுங்க.