ஷாஃப்ட்டில் இருக்கும் மங்கல் பட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்

திருநெல்வேலி பேட்டை பக்கத்துப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. வருடாந்தரப் பராமரிப்புக்குக் கழற்றும்போது சுழலும் தண்டான ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்தான் புஷ்; உள்ளே டெஃப்லான் துணி ஒட்டிய அந்தப் புஷ் நன்றாகவே இருக்கும். ஆனாலும் ஷாஃப்ட்டை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று ஆக்கித்தான் திரும்ப மாட்டுவார்கள். "சுத்தமா இருந்தாத்தான அண்ணாச்சி புஷ் நிக்கும்?" என்பார்கள். நிற்காது, அங்கேதான் தேய்மானம் மறுபடி தொடங்குகிறது.

கழற்றிய ஷாஃப்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புஷ் ஓடிய அகலத்துக்கு மட்டும் மங்கலாக ஒரு பட்டை தெரியும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாலும் லேசில் போகாது. அது அழுக்கு இல்லை, புஷ்ஷிலிருந்து இடம் மாறி வந்த டெஃப்லான்.

எதிலும் ஒட்டாத டெஃப்லான் இரும்பில் எப்படி ஒட்டும்? அழுத்தத்தில் உராயும்போது அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலி அறுகிறது. அறுந்த முனை காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து கார்பாக்சிலிக் அமில முனையாகிறது. அந்த முனை எஃகின் ஆக்சைடுப் பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் டெஃப்லான் மேல் டெஃப்லான்தான் ஓடும், இரும்பு மேல் இல்லை. புது புஷ் முதலில் வேகமாகத் தேய்ந்து பிறகு அடங்குவதும் இதனால்தான். உப்புத்தாள் போட்டால் இந்த டெஃப்லான் படலத்தை உருவாக்க லைனர், அதாவது புஷ்ஷின் உள்ளே ஒட்டிய துணி, இன்னொரு முறை தேய வேண்டும். லைனரின் தடிமனோ சுமார் 0.3 மி.மீ. தான்!

கிரீஸ் அடிப்பதும் கூடாது. படலம் சேரவிடாமல் அது கழுவிவிடும். புது ஷாஃப்ட் என்றால் சொரசொரப்பு 0.2 முதல் 0.4 மைக்ரான் போதும். கோடு விழுந்த ஷாஃப்ட்டைக் கடைந்துதான் ஆக வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை.

ஆற்றுப் பம்புகளில் போடும் ஹைலம் புஷ் வேறு ஜாதி. பருத்தித் துணியை ஃபீனாலிக் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்தது. இங்கே படலத்தை நம்ப முடியாது, தண்ணீர்தான் வழுக்கல். ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி கலங்கி வரும்போது மணல் அந்தத் துணியில் புதைந்துகொள்ளும். குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரண ஷாஃப்ட் எஃகு அதற்குக் கீழே. புஷ் முழுசாக இருக்க, ஷாஃப்ட்டில் வரி வரியாக விழும். ஷாஃப்ட் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பார்க்க வேண்டியது வடிகட்டி.

தண்ணீர் இல்லாமல் ஓட்டினாலோ கதை முடிந்தது. ஹைலம் வெப்பத்தைக் கடத்துவது எஃகில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சூடு வெளியேற வழியில்லாமல் பிசின் கருகும். தண்ணீரில் ஊறினால் ஹைலம் வீங்கும் என்பதால், கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷுக்கு விடுவதைவிடக் கிளியரன்ஸும், அதாவது ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவிலுள்ள இடைவெளியும், அதிகமாக விடுங்கள்.

டெஃப்லான் கடையும் இடத்தில் பீடி வேண்டவே வேண்டாம். கையில் ஒட்டிய தூள் பீடி நெருப்பில் எரிந்து புகையாக உள்ளே போனால், சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். பழைய பிரேக் லைனிங், பழைய துணிப் புஷ் எதையும் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டித் தனியாக வையுங்கள்.