மாஃபியா: சொல் விளக்கம்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துச் செய்திகளில் தென்பெண்ணையில் திருட்டு மணல் அள்ளினால் ‘மணல் மாஃபியா’. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் புதுச்சேரி பாட்டிலோடு சிக்கினால் ‘மது மாஃபியா’. அந்தப் பக்கம் உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்கிய பாட்டில்தான் எல்லை தாண்டியதும் வழக்காகிறது. அதைக் கொண்டுவரும் ஆள் இன்று ஒருவருக்கு ஓட்டுவார், நாளை கூலி கூடக் கிடைத்தால் வேறொருவருக்கு ஓட்டுவார். இதற்கு ‘கடத்தல் கும்பல்’ போதும்.

சிசிலித் தீவின் பலெர்மோ வழக்கில் ‘மாஃபியூசு’ என்றால் மிடுக்கானவன், துணிச்சல்காரன். 1863இல் மேடையேறிய ஒரு சிறைச்சாலை நாடகம் அதைக் குற்றவாளிகளோடு ஒட்டவைத்தது. 1865இல் பலெர்மோவின் அரசு அறிக்கையிலும் ஏறிவிட்டது. அரபி வேர் காட்டுவோர் உண்டு, எதுவும் உறுதிப்படவில்லை.

சட்டப் பொருள் வந்தது 1982இல்தான். இத்தாலியத் தண்டனைச் சட்டம் 416-பிஸ் பிரிவின்படி குறைந்தது மூன்று பேர் வேண்டும். அவர்களது கட்டின் மீதுள்ள அச்சமே ஊரைப் பணியவும் வாய்மூடவும் வைக்க வேண்டும். அந்த வாய்மூடலுக்கு ‘ஓமெர்த்தா’ என்று பெயர். நம் குண்டர் சட்டமும் 1982தான், ஆனால் அது தனி ஆளைப் பிடித்து உள்ளே வைப்பது. கூட்டாகச் செய்யும் குற்றத்தை நாடு முழுக்கத் தனிக் குற்றமாக்கியது 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 111ஆம் பிரிவு. அதற்கு இரண்டு பேரே போதும். ஆனால் முந்தைய பத்தாண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை இருந்தாக வேண்டும்.

மொழிபெயர்ப்பில் இடறுவது ‘மாஃபியா குடும்பம்’ என்ற தொடர். சிசிலியில் அது ஓர் ஊரைக் கையில் வைத்திருக்கும் அணி. ரத்த உறவு கட்டாயமில்லை, சத்தியம் செய்து சேர்வார்கள். தென் இத்தாலியில் கலாப்ரியாவின் ‘ந்த்ராங்கெட்டா’ என்ற குற்ற அமைப்பில் உண்மையாகவே அப்பன், பிள்ளை, சம்பந்திதான். அமெரிக்க–கனடா எல்லையில் இரண்டும் கலந்ததால் விசுவாசம் குழம்பியது. அமெரிக்க எல்லை நகரமான பஃபலோவின் மாஃபியாத் தலைவர் ஸ்டெஃபனோ மகடினோவும் நியூயார்க்கின் தலைவர் ஜோசப் பொனன்னோவும் ஒரே ஊர்க்காரர்கள், உறவினர்கள். 1931இல் அமைந்த ‘கமிஷன்’ என்ற மேல்சபையில் இருவருக்கும் இடம் இருந்தது. நயாகரா தாண்டி, கனடாவில் ஹாமில்டன் மகடினோ பிடியில், மொன்றியல் பொனன்னோ பிடியில். மொன்றியலை நடத்திய பாவ்லோ வியோலி கலாப்ரியாக்காரர். மாமனார் லுப்பினோவோ ஹாமில்டனில். ஆக, கப்பம் நியூயார்க்குக்கு, பெண் கொடுத்த வீடு பஃபலோவின் எல்லைக்குள்! வியோலிக்குக் கீழிருந்த சிசிலிக்காரர் ரிசூட்டோ தலைவரைக் கேட்காமல் தன் போக்கில் நடந்தார். வியோலி முறையிட்டும் அடங்கவில்லை. 1978 ஜனவரியில் வியோலி சுடப்பட்டார். மொன்றியல் ரிசூட்டோ தரப்பின் கைக்குப் போனது.

இந்தப் பின்னலுக்குக் ‘கும்பல்’ போதாது; அது கூடியிருப்போரைக் குறிக்குமே தவிர கட்டுப்பட்டோரைக் குறிக்காது. ‘தாதா’ தனி ஆள். ‘குற்றக் குடி’ என்று ஆக்கலாம்தான், புதுச்சேரியில் அதை வேறு மாதிரி படிப்பார்கள். பட்டாவிலும் கோயில் பத்திரிகையிலும் எழுதுகிற ‘வகையறா’ எனக்குச் சரியாகப் படுகிறது. பங்காளி, கூட்டாளி எல்லோரையும் ஒரே பெயரின் கீழ் அடக்கும். இந்தச் சொல் அரபி வழி வந்தது, ‘மற்றும் பிறர்’ என்று பொருள். அரபி வழிச் சொல் வேண்டாதோர் ‘குற்றக் குலம்’ எனலாம். சம்பந்த வழியில் இரு தரப்புக்கும் கட்டுப்பட்ட நிலைக்குக் ‘கொண்டான் கொடுத்தான் கட்டு’ என்று எழுதலாம். ‘இரட்டை விசுவாசம்’ என்றால் ஏதோ துரோகம் போலத் தொனிக்கும். வியோலி யாரையும் ஏமாற்றவில்லை, இரண்டு இடத்துக்கும் கடன்பட்டிருந்தார்.